மொட்டைமாடியில் தொடங்கும் ரிமோட் கார்: வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரிமோட் கார் வாங்கிய மூன்றாம் நாளே நின்றுபோய், அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்காத வீடு எங்கள் தெருவில் குறைவு. தொண்டையார்பேட்டையில் என் அக்கா மகனுக்கு வாங்கிய காரும் அப்படித்தான் நின்றது. அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டைவிரல் நகத்தளவே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் மழுங்கியிருந்தன. அவ்வளவுதான் பழுது. மோட்டார் சுற்றியது, ரிமோட் வேலை செய்தது, பேட்டரியும் நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பல்சக்கரம் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு துண்டுக்காக முழு காரையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒன்றைச் சுற்றியே இந்த வழிகாட்டி முழுவதும் சுழல்கிறது: எந்தப் பாகம் உடைந்தாலும் அந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்கி மாட்ட முடிகிற காரை வாங்குங்கள். வேகம், நிறம், பெட்டியில் அச்சடித்த படம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொம்மைக்கும் பொழுதுபோக்குக் காருக்கும் உள்ள வேறுபாடு

ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் முழுவதுமாக இடப்பக்கம் போகும், அல்லது முழுவதுமாக வலப்பக்கம் போகும். நடுவில் எதுவும் இல்லை. வேகமும் அப்படியே. பொழுதுபோக்குக்கென்று செய்யப்படும் கார்களில் விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே வண்டி நகரும். ரிமோட்டின் சிறு சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே முன்சக்கரம் திரும்பும். ஓட்டுகிறோம் என்ற உணர்வே அங்கிருந்துதான் வருகிறது.

உள்ளேயும் எல்லாம் தனித்தனியாக இருக்கும். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர், முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் இ.எஸ்.சி., மோட்டார், பேட்டரி. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். சில சின்ன கார்களில் ரிசீவரும் இ.எஸ்.சி.யும் ஒரே பலகையில் இருக்கும். தொடங்குபவருக்கு அதுவும் போதும்.

இந்த வகைக் கார்களில் ஜப்பானின் தமியா நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் முதல் ரிமோட் கார் 1976-ல் வந்த போர்ஷே 934. பெட்டியில் துண்டு துண்டாக வரும். வாங்குபவர் உட்கார்ந்து பூட்ட வேண்டும். 1984-ல் அவர்கள் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்ற, மண்தரையிலும் ஓடும் பக்கி வகைக் காரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் தயாரித்து விற்றார்கள். பழைய வண்டி வைத்திருப்பவரும் பாகம் தேடி ஓட்டக்கூடிய நிலை அதனால் ஏற்பட்டது. நல்ல காருக்கு நான் கேட்கும் அடையாளம் இதுதான்.

எந்த அளவு, எந்த வகை

பெட்டியில் 1/10, 1/18 என்று போட்டிருப்பார்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று பொருள். 4.2 மீட்டர் நீளமுள்ள கார் 1/10 அளவில் 42 சென்டிமீட்டர் வரும். 1/18 அளவில் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வீடுகளின் மொட்டைமாடிக்கு 1/16, 1/18 அளவே பொருத்தம். 1/10 காருக்குப் பெரிய மைதானம் தேவை.

விளம்பரத்தில் போடும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். நம் மாடியின் நீளம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடி கடந்ததும் வண்டி எதிர்ச்சுவரில் மோதும். மணிக்கு 60 கிலோமீட்டர் போகும் காரை அந்த இடத்தில் என்ன செய்வது?

மாடி மட்டுமே உள்ளவர்களுக்கு நான் சொல்வது கிராலர் வகை. மெதுவாக, நான்கு சக்கரமும் இழுத்து, செங்கல் மேலும் மரக்கட்டை மேலும் ஏறிப் போகும் வண்டி. அதில் வேகத்துக்கு வேலையில்லை. சக்கரத்தை எந்தக் கல்லில் வைப்பது என்ற யோசனைதான் ஆட்டம். மைதானம் அருகில் இருப்பவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய டிரக் அல்லது பக்கி வாங்கலாம். தரையோடு ஒட்டி ஓடும் ரேஸ் கார் நம் தெருக்களுக்கு ஆகாது. வழவழப்பான சிமென்ட் தரை இருந்தால் மட்டுமே அது ஓடும்.

மோட்டாரில் இரண்டு வகை. கார்பன் பிரஷ் உள்ளது மலிவு, மெதுவான ஓட்டத்தில் மென்மையாக இருக்கும், நாளானால் தேயும். பிரஷ் இல்லாதது வேகமும் ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். முதல் காருக்குப் பிரஷ் உள்ளதே போதும் என்பது என் முடிவு. வேகம் குறைந்தால் உடைவதும் குறையும்.

பணம் கொடுப்பதற்கு முன்

காரைத் தேர்ந்தெடுத்ததும் வாங்கிவிட வேண்டாம். அந்த மாடலுக்கு நான்கு பாகங்கள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள்: மோட்டாரோடு சேரும் பெரிய பல்சக்கரம், முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை, சர்வோ, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட். நான்கும் கிடைத்தால் வாங்கலாம். மூன்று மட்டும் கிடைத்தால் வேறு மாடலைப் பாருங்கள். காரோடு சேர்த்தே ஒரு பல்சக்கரமும் ஒரு ஜோடி முன் சஸ்பென்ஷன் கையும் வாங்கி வைத்துவிடுங்கள். முதல் மாதத்தில் உடைபவை பெரும்பாலும் இவை இரண்டும்தான். பாக எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டினால் பிறகு தேட வேண்டியதில்லை.

காரும் அதற்கேயுரிய பாகங்களும் இன்று பெரும்பாலும் இணையத்தில் வாங்குபவைதான். ஆனால் மற்றவை எல்லாம் நமக்குப் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. பேரிங், சின்ன ஸ்க்ரூ, ஆலன் கீ போன்றவற்றுக்குப் பாரிமுனைக் கடைத்தெருக்கள். ஒயர், கனெக்டர், மல்டிமீட்டர், சால்டரிங் சாமான்களுக்கு ரிச்சி தெரு. பேரிங் வாங்கப் போகும்போது பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் சொன்னால்தான் கடைக்காரர் சரியானதைத் தருவார்; தமியாவின் பல கார்களில் அது 5, 11, 4 மில்லிமீட்டர்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இரண்டு அளவில், 1.5 மற்றும் 2 மில்லிமீட்டர் ஆலன் கீ, மூக்குக் குறடு, பழைய டூத் பிரஷ், மல்டிமீட்டர். ஸ்க்ரூடிரைவரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான முனை ஸ்க்ரூவின் தலையை வழுக்கிவிடும், பிறகு அந்த ஸ்க்ரூ வெளியே வராது.

பேட்டரி: அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்றுதான். அது பேட்டரியில் இருக்கிறது.

இரண்டு வகைப் பேட்டரிகள் வரும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை முரட்டுத்தனமானது, கனமானது, கொஞ்சம் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பாலிமர் வகை இலேசானது, வலுவானது, கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளாது. எரியத் தொடங்கினால் நொடிகளில் பற்றிக்கொள்ளும்.

சிறிய கார்களில் வருவது பெரும்பாலும் இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் பேட்டரி. நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட். ஓட்டி முடித்து, சற்று நேரம் கழித்து அளக்கும்போது 7 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டது. பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் 7.6 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

கடைசி எண்ணை நான் அலட்சியம் செய்திருக்கிறேன். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும், அடுத்த ஞாயிறு வெயில் வரும் என்று நினைத்து, முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். ஜனவரியில் எடுத்துப் பார்த்தபோது தட்டையாக இருந்த பேட்டரி பூரிபோல உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடவும் கூடாது. மாநகராட்சிக் குப்பைத்தொட்டியில் போடுவது அதைவிட மோசம். குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடித்தால், வண்டியில் இருக்கும் தூய்மைப் பணியாளருக்குத்தான் ஆபத்து. முனைகளை டேப் ஒட்டி மூடி, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் சேருங்கள்.

சார்ஜ் ஏற்றும்போது: சிமென்ட் தரையில், மண்சட்டிக்குள் வைத்து ஏற்றுங்கள். படுக்கை, பாய், சோபா எதன் அருகிலும் வேண்டாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். எவ்வளவு ஆம்பியரில் ஏற்றுவது என்பதற்குக் கணக்கு எளிது: 1500 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 1.5 ஆம்பியர். அப்படி ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். காரோடு வரும் யு.எஸ்.பி. சார்ஜர் இதைவிட மெதுவாக ஏற்றும், பாதகமில்லை. பின்னால் பணம் சேரும்போது முதலில் வாங்க வேண்டியது ஒவ்வொரு செல்லையும் தனியாகச் சமன்படுத்தி ஏற்றும் சார்ஜர். இன்னொரு கார் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டி முடித்த சூட்டிலேயே சார்ஜ் போடாதீர்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பேட்டரியை வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். இ.எஸ்.சி.யில் லித்தியம் பாலிமர், நிக்கல் என்று இரண்டு நிலைகள் இருந்தால், எந்தப் பேட்டரி போடுகிறீர்களோ அந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தாழும்போது மோட்டாரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

முதல் முறை உயிர் கொடுப்பது

முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், அடுத்து காரை. நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் கார், கடைசியில் ரிமோட். இந்த வரிசையை மாற்றினால் சில வண்டிகள் தானாகவே சீறிப் பாயும். இன்றைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அதற்கு உரிமம் தேவையில்லை. பக்கத்தில் இன்னொருவர் ஓட்டினாலும் குறுக்கிடாது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்களில் அடுத்த வீட்டு ரிமோட்டுக்கு நம் கார் ஓடிய கதைகள் உண்டு.

நான்கு சக்கரமும் தரையில் படாதபடி காரை ஒரு டப்பா மேல் தூக்கி வையுங்கள். ஸ்டியரிங்கைத் தொடாமல் முன்சக்கரத்தைப் பாருங்கள். நேராக இல்லையென்றால் ரிமோட்டில் டிரிம் என்று எழுதியுள்ள சிறு திருகைத் திருப்பி நேராக்குங்கள். வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் முதல் இரண்டு வாரம் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். பிறகு ரிமோட்டை மட்டும் அணைத்துப் பாருங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தக் காரைத் தரையில் இறக்காதீர்கள்.

மாடியில் பயிற்சி

எல்லோருக்கும் கை குழம்பும் இடம் ஒன்று உண்டு. கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடப்பக்கம் இடப்பக்கமாகவே இருக்கும். நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். மூளைக்கு இது பழக ஒரு வாரம் ஆகும். காரின் ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் நான் கண்ட வழி. இரண்டு செங்கல்லை மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போடுங்கள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் பைக்கில் போட்ட அதே எட்டு. நடை வேகத்தில், இடிக்காமல் பத்து முறை போட முடிந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

ஓட்டும் முன் மாடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மழைநீர் வடியும் துளை கைப்பிடிச் சுவரின் அடியில் இருக்கும். சிறிய கார் அதில் நுழைந்து கீழே விழும். ஒரு செங்கல் வைத்து அடைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். காயவைத்த வடகம், மிளகாய், துணிக்கொடி, தொட்டிச் செடிகள் எல்லாம் யாரோ ஒருவரின் உழைப்பு. கீழ்வீட்டில் இரவுப்பணி முடிந்து பகலில் தூங்குபவர் இருந்தால் மதியம் ஓட்டாதீர்கள். சக்கரத்தின் சத்தம் தளத்தின் வழியே நேராக அவர் தலைக்கு மேல் இறங்கும்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேட்டரி தீரும். அடுத்த பேட்டரியை உடனே மாட்டாதீர்கள். மோட்டாரின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். மூன்று நொடி வைத்திருக்க முடியாத சூடு என்றால் கால் மணி நேரம் ஆறட்டும். மே மாதத்தில் அரை மணி நேரம்.

தெருவுக்கும் மைதானத்துக்கும்

கன்டெய்னர் லாரி போகும் எந்தச் சாலையின் அருகிலும் வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலை, எண்ணூர் விரைவுச்சாலை, மணலிப் பக்கம் எல்லாம் இதில் அடங்கும். கார் சாலைக்கு ஓடினால் பின்னால் ஒரு குழந்தை ஓடும். துறைமுகம், எண்ணெய் நிறுவனங்கள், ரயில் பாதை ஆகியவற்றை ஒட்டியும் ஓட்டாதீர்கள். காவலர் கேட்பதற்கு நியாயம் உண்டு.

மாநகராட்சி விளையாட்டுத் திடல்களே நமக்குரிய இடம். ஆனால் அவை முதலில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடும் பிள்ளைகளுக்குச் சொந்தம். வியாசர்பாடிப் பக்கம் விடியும் முன்பே பந்து உருளத் தொடங்கிவிடும். போனதும் அவர்களிடம் கேளுங்கள். "தம்பி, அந்த மூலையில் அரை மணி நேரம் ஓட்டலாமா?" என்று கேட்டு இதுவரை யாரும் மறுத்ததில்லை. பத்து நிமிடத்தில் அவர்களே வந்து சுற்றி நிற்பார்கள். "அண்ணா, ஒரு ரவுண்டு தருவீர்களா?" என்ற கேள்வி வரும். கொடுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லிக் கொடுங்கள். ரிமோட்டை வாங்கியதும் அந்தப் பையன் மூச்சை அடக்கிக்கொண்டு விரலை மெதுவாக அழுத்துவதைப் பார்த்தால், காரைப் பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வராது.

உப்புக்காற்று

நம் பகுதியில் காரைக் கொல்வது மோதலைவிடக் கடற்காற்றுதான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழ்பவர்களுக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே இது தெரியும். அதே துரு காரின் பேரிங்கிலும் ஸ்க்ரூவிலும் பிடிக்கும். எண்ணூர்ப் பக்கமானால் சாம்பல் தூசும் சேரும். கடற்கரை மணலில் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். ஈரமணல் ஒருமுறை உள்ளே போனால் கியர் பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை ஓட்டியதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். டூத் பிரஷால் அடிப்பகுதி, சஸ்பென்ஷன் மூட்டுகள், சக்கரத்தின் உள்பக்கம் ஆகியவற்றைத் துடையுங்கள். அச்சில் சுற்றிய தலைமுடியையும் நூலையும் ஊசியால் இழுத்து எடுங்கள். மாடியில் ஓட்டினால் இது நிச்சயம் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுண்டிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் சரி. கரகரத்தால் பேரிங்கைக் கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழியில் உறையும், மற்ற மாதங்களில் மணலை ஒட்டவைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்தைப் போட்டு வையுங்கள். பேட்டரி அந்த டப்பாவில் வேண்டாம், தனியாக இருக்கட்டும்.

பல்சக்கரம் மாற்றுவது

என் பெரியப்பா இளைஞராக இருந்தபோது, செங்குன்றம் தாண்டி சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களுக்குச் சைக்கிளில் போனவர். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, பந்தயத்துக்கு முன்னால் மெக்கானிக்குகள் எஞ்சினுக்குள் குனிந்து நின்றதைத்தான் அவர் அதிகம் சொல்வார். முதல் பல்சக்கரத்தை மாற்றியபோது அந்தப் பேச்சு எனக்கு நினைவுக்கு வந்தது.

செய்முறை இது. மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பழைய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள். மோட்டார் முனையில் இருக்கும் சின்ன உலோகப் பல்சக்கரத்துக்கும் பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கமாக இருந்தால் மோட்டார் சூடாகும். தளர்வாக இருந்தால் பற்கள் மழுங்கும்; என் அக்கா மகனின் காரில் மழுங்கியதுபோல.

செய்தித்தாளிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நீளத்துண்டு கிழியுங்கள். அதை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் நுழைத்து, மோட்டாரை நெருக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். இப்போது பல்சக்கரத்தைச் சுழற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். கிழியாமல், பல் பதிந்த மடிப்புகளோடு வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். மடிப்பே விழவில்லை என்றால் நெருக்குங்கள்.

மேல் மூடியை மாட்டும்போது ஒரு நுணுக்கம். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் புதிதாக ஒரு புரி வெட்டி, துளை பெரிதாகிவிடும். முதலில் இடப்பக்கமாக, தளர்த்துவதுபோல மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். அது பழைய புரியில் உட்கார்ந்த சத்தம். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள். உலோகத்தில் ஏறும் மோட்டார் ஸ்க்ரூவுக்கு மட்டும் நீலநிற ஸ்க்ரூப் பசை ஒரு துளி வையுங்கள். பிளாஸ்டிக்கில் அது படக் கூடாது.

சென்ற மாதம் என் அக்கா மகன் தன் இப்போதைய காரில் இதைத் தானே செய்தான். காகிதத்தை வெளியே இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மாமா, கிழியவில்லை" என்றான். வரிசையாக விழுந்திருந்த மடிப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மூடியைப் பூட்டாமலேயே காரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.